மறதி மன்னர்

புதுச் சரித்திர நாடகத்தின் அரங்கேற்றம். இடைவேளை விட்டதும் இயக்குநர் ஒப்பனை அறைக்குள் பாய்ந்தார்.

"என்னய்யா ராஜா, அஞ்சு இடத்துல வசனத்தை மறந்து முழிக்கிறே? போன வார ஒத்திகையில தலைகீழா ஒப்பிச்சியே!"

"பதற்றம் சார்," என்றார் அரசர், ஒட்டுமீசையை அழுத்திக்கொண்டே. "படுதாவுக்குப் பின்னாலேர்ந்து எடுத்துக் கொடுக்கறாங்களே, சமாளிச்சிடலாம்."

"எடுத்துக் கொடுக்கற சத்தம் மூணாவது வரிசை வரைக்கும் கேக்குது. வேற ஆளை உட்கார வைக்கட்டுமா?"

"ஐயையோ, வேண்டாம் சார்! அவங்களே இருக்கட்டும்!"

கடைசிக் காட்சி. எதிரி நாட்டுத் தூதர் சமாதான ஓலையை நீட்டினார். அரசர் வாளை உருவினார், வாயைத் திறந்தார், மறுபடியும் முழித்தார். அவர் பார்வை மெல்லப் படுதாப் பக்கம் நழுவியது.

அங்கே ஸ்டூலில் உட்கார்ந்திருந்த பெண்மணி வசன நோட்டைப் பட்டென்று மூடினார்.

"எல்லாம் எனக்குத் தெரியும்," என்று கிசுகிசுத்தார். "மூணு நாளா வீட்டுல உங்ககூடப் பேசலைன்னு இங்க வந்து என் வாயைப் பிடுங்கறீங்க. சரி, கோபம் போச்சு. வசனத்தைச் சொல்லித் தொலைங்க!"

அடுத்த நொடி, இரண்டு பக்க வசனத்தை ஓர் எழுத்துப் பிசகாமல் முழங்கித் தீர்த்தார் அரசர்.

"சமாதானமா? என் உடம்பில் உயிர் உள்ளவரை நடக்காது!"

வீரம் சொட்ட வேண்டிய முகத்தில் முப்பத்திரண்டு பல்லும் தெரிந்தது.