முகம் தெரிய வேண்டும்

கிர்கிஸ்தானின் நரின் ஊர்க் கடையில், இணையம் வழியாகப் பேச ஓர் இணைப்பு கேட்டாள் ஷைர்குல்.

“மொபைல் நெட்டே போதும்மா, குரல் நல்லாக் கேக்கும்” என்றான் கடைக்காரன்.

“முகம் தெளிவாத் தெரியணுமே தம்பி. ஆள் கொரியாவுல இருக்கான்.”

“அப்போ ஃபைபர் போடுங்க. படம் நடுவுல நிக்காது. புருஷனைப் பாக்க மருமகளுக்கு அவ்வளவு ஆசையா?”

பக்கத்தில் நின்ற மருமகள் பெர்மெத் தலையைக் குனிந்துகொண்டாள். ஷைர்குல் ஃபைபருக்கே பணம் கட்டினாள்.

இணைப்பு வந்த அன்று மருமகளுக்குத் தானே தலைவாரி, கணினி முன்னால் உட்காரவைத்தாள்.

“எனக்கு வேணாம் அத்தே” என்று அழுதாள் பெர்மெத்.

“அசடே! என் மகன் பனிச்சரிவுல போயி மூணு வருஷமாச்சு. இன்னும் எத்தனை நாள் எனக்கே டீ போட்டுக்கிட்டிருப்பே? குரலை மட்டும் நம்பாதே, கண்ணைப் பாத்துப் பேசு. உனக்குப் பிடிச்சாத்தான் அவன் மாப்பிள்ளை” என்று சொல்லிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போனாள் ஷைர்குல்.