பழைய வலி

மெட்ராஸில் முட்டியை மாற்றிக்கொண்டு வந்து மூன்று மாதமாகியும் தங்கசாமி கட்டிலை விட்டு இறங்குவதாக இல்லை. சங்ககிரி வீட்டுக்கே வந்த டாக்டர் காலை மடக்கிப் பார்த்தார், நன்றாக மடங்கியது.

"வலி தாங்கலீங்க," என்றார் தங்கசாமி.

"மூணு வருசமாவே சோறும் எறங்கறதில்லீங்க, தூக்கமும் இல்லீங்க," என்றாள் மனைவி வசந்தாமணி. "ஆனா நேத்து கடைக்குப் போயிட்டு வந்து பாக்கறேன், வாசல் கேட்டுகிட்ட நின்னு ரோட்டைப் பாத்துட்டிருக்காருங்க. என்னையக் கண்டதும் வெரசா வந்து படுத்துக்கிட்டாரு!"

டாக்டர் சிரித்தார். "முட்டி பாஸுங்க. நீங்கதான் பெயிலு."

தங்கசாமி தலைகுனிந்தார்.

"வலி பொய்யில்லீங்க. எந்தம்பி எங்கூடப் பேசி மூணு வருசமாச்சு. ஒடம்பு முடியலீன்னாத்தான் அவன் பாக்க வருவானுங்க. நான் எந்திரிச்சு நடந்துட்டா, அவன் எந்தச் சாக்குல வருவான்?"