கதிரைக்கு மூன்றாவது பெயர்

கல்முனையில், தன் சீதன வீட்டு ஹோலில் ஹிமாயா பசை தடவிய தாளோடு நிற்கிறாள். அஸர் தொழுகை நேரத்துப் பின்னேர வெயில் யாரும் உட்காராத மரக்கதிரையில் விழுகிறது. கணவன் றாஸிக் பிரான்ஸில் இருந்தபோது, கதிரைக்கு அங்கே சொல்லும் ‘ஷேஸ்’ என்ற பெயரை அதன் முதுகில் எழுதி ஒட்டினாள். அவன் இத்தாலிக்கு மாறியதும் கீழே ‘ஸேதியா’ வந்தது. இப்போது ஜெர்மனியிலிருந்து கைபேசியில் சிரிக்கிறான். “இஞ்ச ‘ஷ்டூல்’ எண்டு சொல்லோணும் புள்ள. வடிவாப் பாடமாக்கு. பாஷச் சோதனை பாஸ் பண்ணினாத்தான் உன்ன இஞ்ச எடுக்கேலும்.” கடல் இரைகிறது. கையிலிருக்கும் தாளைக் கசக்குகிறாள். மற்ற இரண்டையும் நகத்தால் சுரண்டிக் கிழிக்கிறாள். மரத்தில் வெள்ளைத் தழும்பு மிஞ்சுகிறது. “நம்மட ஊருல மாப்பிளதான் பொஞ்சாதிட ஊட்டுக்கு வாற. இதுக்குப் பேரு கதிர. வந்து இரிங்க.”