மெல்லக் கொடுங்க

அந்த வீட்டில் நிம்மதியின் விலை இதுவரை ஏழு செருப்பு. ஏழையும் குதறியது பல் முளைக்கிற நாய்க்குட்டி.

"எட்டாவதுல வாய் வெச்சான்னா, எங்கண்ணன் வீட்டுக்குத்தான் போறான்," என்று மனைவி தீர்ப்பே சொல்லிவிட்டாள்.

குட்டியைப் பிரிந்தால் அவள் கணவர் ஜவுளிக்கடைக்காரருக்குச் சோறு இறங்காது. நாய் டாக்டர் சொன்னபடியே சர்க்கரைவள்ளிக் கிழங்கை விரல்தடிமனில் குச்சிகளாக நறுக்கி, குறைந்த சூட்டில் தோல் மாதிரி இறுகும்வரை காயவைத்தார். பிறகு அதை மிளகளவு கிள்ளிக் கிள்ளி, மணிக்கொன்றாக ஊட்டினார்.

"என்னங்க, நாய்க்குக்கூடக் கொசுறா?"

"மெல்லக் கொடுக்கச் சொல்லியிருக்காரு டாக்டர். உனக்கென்னடி தெரியும்?"

சாயங்காலமே எட்டாவதும் போனது. கடைக்காரர் போனில் டாக்டரைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க சொன்ன மாதிரி மெல்லத்தானே சார் கொடுத்தேன்? மிளகு மிளகா!"

"ஐயோ! மெல்லன்னா மென்னு தின்றதுக்குங்க! பல்லு முளைக்கிறதால ஈறு அரிக்குது அதுக்கு. முழுக் குச்சியா கடிக்கக் கொடுங்க!"

கொடுத்தார். குட்டி குச்சியோடு மூலையில் அடங்கியது.

"பாத்தியா, தப்பு இவன் மேல இல்ல," என்றார் பெருமையாக.

"சரிதான். ஏழு அவன் கணக்கு, எட்டாவது உங்க கணக்கு. எங்கண்ணன் வீட்டுக்கு நீங்க கிளம்புங்க!"