கலகலக்கும் டப்பா

ஆலையில் வாயு கசிந்தால் சங்கு விடாமல் ஊதும் என்று சொல்லியிருந்தார்கள். அப்படி ஊதும் நாளில் மகள் முகத்தில் மாட்டுவதற்காக, எவனோ ஒரு சிப்பாய் போட்டுக் கழித்த முகமூடியை மாசிலாமணி பழைய சாமான் சந்தையில் வாங்கி வைத்திருந்தார். ஞாயிறுதோறும் அதைப் பகுதி பகுதியாகக் கழற்றி வைத்துக்கொண்டு உட்காருவார். கண்ணாடிகளைத் துடைப்பார். மூச்சு வெளியேறும் ரப்பர் இதழைச் சோப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி, பவுடர் தடவுவார். கரி அடைத்த தகர டப்பாவை மட்டும் தானே எடுத்துத் தானே வைப்பார். "குலுக்கிப் பாருங்க, உள்ள கலகலன்னா கரி பொடிஞ்சுபோச்சுன்னு அர்த்தம். அப்புறம் வாயு நேரா உள்ள வந்துரும்" என்று விற்றவன் சொல்லியிருந்தான். போன மழைக்காலத்தில் அது கலகலத்துவிட்டது. வேறு டப்பா எந்தச் சந்தையிலும் அகப்படவில்லை. மனைவியிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? அவள் பாட்டுக்கு மகளை மடியில் வைத்து, "இது இருக்கறப்ப நமக்கென்னடி பயம்" என்று பட்டைகளை இழுத்து மாட்டப் பழக்கிக்கொண்டிருந்தாள்.

இந்த ஞாயிறு கையெல்லாம் சோப்பாக இருந்ததால் வாய் தவறி மனைவியிடம் கேட்டுவிட்டார். "சொர்ணம், அந்த டப்பாவ எடு."

சொர்ணம் அலமாரியிலிருந்து எடுத்தாள். ஒரு கையை அடியில் கொடுத்து, மறு கையால் அணைத்து, கழுத்து நிற்காத பிள்ளையை ஏந்தி வருவதுபோல் அடிமேல் அடி வைத்து வந்தாள். உள்ளே ஒரு துகள்கூட அசையவில்லை.

அவர் இரு கைகளையும் நீட்டி, அதே மாதிரி வாங்கிக்கொண்டார்.

"நல்லா இறுக்கித் திருகுங்க" என்றாள் சொர்ணம், மகள் காதில் விழும்படியாக.