காயாத படிகள்

"எல்லாப் படிக்கும் அடிச்சுட்டேனேம்மா" என்று கேப்டன் பிரஷ்ஷும் கையுமாக விழித்தார். படகின் உள்ளறையிலிருந்து மேல்தளத்துக்கு ஏறும் மரப்படிகள் அத்தனையும் ஈர வார்னிஷில் பளபளத்தன.

அவர் மகள் கைப்பையை மாட்டிக்கொண்டு நின்றாள். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டு வந்தவள் அதே வேகத்தில் கிளம்பியும் விட்டாள். கரையில் டாக்ஸி காத்திருந்தது. எப்போது காயும் என்று கேட்டாள். காலையில்தான் என்றார்.

கேப்டன் என்பது துறைமுகத்தில் கேலியாக வைத்த பெயர். மனைவி போனபின் வீட்டை விற்றுவிட்டு இந்தப் பழைய பாய்மரப் படகில் குடியேறியவர், அதைக் கட்டிய கயிற்றை இன்றுவரை அவிழ்த்ததில்லை. போன மாதம் இதே படியில் வழுக்கி விழுந்து இடுப்பில் அடி. முதலில் அந்தப் படிகளைச் சரிசெய்யுங்கள் என்று மகள் போனிலேயே பொரிந்து தள்ளினாள்.

பழைய பூச்சை உப்புத்தாளால் தேய்த்து எடுத்து வைத்திருந்தார். பூசுகிற வேலையை மட்டும் அவள் வரும் நாள்வரை தள்ளிப்போட்டார். இன்று அவள் உள்ளே உட்கார்ந்திருக்கும்போதே வார்னிஷ் அடித்து, கால் வழுக்காமலிருக்க ஈரத்தின்மேல் பொடிமணலையும் தூவி முடித்துவிட்டார்.

படகுக்காரர்கள் ஒன்றுவிட்டு ஒரு படிக்குத்தான் அடிப்பார்கள். அது காயும்வரை மற்றப் படிகளில் ஏறி இறங்கலாம். கேப்டனுக்கு இது தெரியாமலில்லை. முன்னறைக் கூரையில், மேல்தளத்துக்குத் திறக்கிற, ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு மூடி உண்டு. அதையும் காலையிலேயே, சுருட்டிக் கட்டிய படகுப் பாய்மூட்டைகளைக் கூரைவரை அடுக்கி மறைத்துவிட்டார்.

ஒரே ஒரு ராத்திரி அவள் இங்கே தங்க வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு. பேச ஆளில்லாமல், ரேடியோவில் வானிலை சொல்பவருக்குப் பதில் சொல்கிற நிலைக்கு வந்திருந்தார்.

மகள் கோபப்படவில்லை. ஆபீசுக்குப் பேச வேண்டும் என்று முன்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெகுநேரம் கழித்து வந்தபோது தலைமுடி கலைந்து முகத்தில் விழுந்திருந்தது. அழுதிருப்பாளோ என்று நினைத்தார்.

டீ போட்டுக் கொடுத்தார். அவள் குடித்தாள். பெற்ற பெண்ணையே அடைத்து வைத்த மாதிரி அவருக்குக் கூசியது.

சட்டென்று எழுந்து வழியை விட்டு ஒதுங்கினார்.

"தெரிஞ்சேதாம்மா அடிச்சேன். நீ போயிடக் கூடாதுன்னு. பரவாயில்ல, மிதிச்சிட்டு ஏறிப் போ. டாக்ஸி நிக்குது பாரு. நான் மறுபடி தேய்ச்சு அடிச்சுக்கறேன்."

மகள் உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை.

"பாய்மூட்டையைத் தள்ளிட்டு, மூடி வழியா மேல ஏறிப் போய், டாக்ஸியை அனுப்பிட்டுத்தாம்ப்பா திரும்பி வந்தேன்."