மூணு தடவை கேட்டாச்சு

"கிரேஸ் இன்னியோட வேணாம். லெட்டர் அடிச்சாச்சு" என்றார் எங்கள் மேனேஜர் குணசேகர்.

கிரேஸ் எங்கள் டீமில் புரோகிராம் எழுதும் பெண்.

எல்லாம் எங்கள் சாஃப்ட்வேர் செய்த வேலை. ஒன்றாகச் சேர்ந்து வேலை பார்க்கும் கம்ப்யூட்டர்கள், ஒன்றை ஒன்று "இருக்கியா?" என்று ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்கும். மூன்று தடவை பதில் வராவிட்டால், அது செத்துப்போச்சு என்று ஒதுக்கிவிடும்.

பதினாறு கம்ப்யூட்டர் வரை ஜோராக ஓடியது. கஸ்டமர் நூற்றிருபத்தெட்டு கேட்டார். போட்டோம். நன்றாக ஓடுகிற மெஷினையெல்லாம் செத்துப்போச்சு என்று தூக்கிக் கடாசியது. வெள்ளிக்கிழமை டெமோ.

டென்ஷனில் குணசேகர் அதே விதியை எங்களுக்கும் போட்டார். மணிக்கொரு மெயில்: "ஸ்டேட்டஸ் என்ன?" மூன்றுக்குப் பதில் இல்லையென்றால் ஆள் டீமில் இல்லை. போர்டில் அவர் கையாலேயே கொட்டை எழுத்தில் எழுதியும் வைத்தார்.

கிரேஸ் ஒன்றுக்கும் பதில் போடவில்லை.

"சார், பாவம் சார். தங்கவயல்லருந்து தினம் ரயில்ல வருது. அங்க தங்கச் சுரங்கத்தை மூடினதுலருந்து அப்பாவுக்கு வேலை இல்ல. இந்தச் சம்பளத்துலதான் வீடே ஓடுது" என்றேன்.

"அதுக்கு? ஒரு வரி பதில் போட என்ன கேடு? ரூல்னா ரூல், பாக்கியராஜ்!"

சர்ரென்று கையெழுத்துப் போட்டார்.

டெஸ்டிங் பார்க்கும் மமதா மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"ஆயித்து சார், முடிஞ்சுது! நூத்தி இருபத்தெட்டும் ஓடுது! காலைலருந்து ஒண்ணுகூட விழல!"

"எப்படிம்மா?" என்றார் குணசேகர்.

"எல்லா மெஷினும் எல்லாத்தையும் கேட்டதுதான் சார் தப்பு. பதில் சொல்லியே மெஷினுக்குப் பொழுது போயிடுச்சு. இப்ப பக்கத்துல இருக்கிற ரெண்டை மட்டும் கேக்குது. பதில் வரலைன்னாலும் உடனே தூக்காது. இன்னொண்ணுகிட்ட விசாரிக்கும். முக்காவாசி சாகல சார், வேலைல முழுகியிருக்கும்."

"சபாஷ்! யாரு மூளை இது?"

"கிரேஸ்தான் சார். மூணு நாளா தலையே நிமிரல."

குணசேகர் லெட்டரைக் கீபோர்டுக்கு அடியில் தள்ளினார். உடனே கோபமும் வந்துவிட்டது.

"இதை எங்கிட்ட முன்னாடியே சொல்றதுக்கென்ன? நான் எதுக்கு இங்க உக்காந்திருக்கேன்?"

"சொன்னாங்களே சார். போன வாரமே உங்களுக்கு மெயில் போட்டாங்களாம்."

குணசேகர் மெயிலைத் திறந்து, கீழே கீழே போனார். போன வாரம் வந்ததில் நின்றார்.

கிரேஸ். கிரேஸ். கிரேஸ். மூன்று மெயில். ஒன்றைக்கூட அவர் திறந்திருக்கவில்லை.

லெட்டரை எடுத்து, சத்தம் வராமல் கிழித்தார்.

நான் போர்டைப் பார்த்தேன். அதன்படி, குணசேகர் சார் செத்து ஒரு வாரம் ஆகியிருந்தது.